கரும்பின் கதையில் விடுபட்ட நாணல்

கொள்ளிடக் கரையில் வெண்பட்டுக் குஞ்சம்போல் பூத்து அசையும் நாணலை நீங்கள் பார்த்திருப்பீர்கள். திருவரங்கத்துச் சிறுவர்கள் அதை ஒடித்து விளையாடுவார்கள். மற்றபடி அதை யாரும் மதிப்பதில்லை. நாம் காப்பியில் போடும் சர்க்கரையில் இந்தப் புல்லுக்கும் பங்கு உண்டு என்றால் நம்புவீர்களா?

இயற்பியல் கற்பிக்கும் எனக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். பக்கத்து வீட்டு மாணவன் கேட்ட ஓர் ஐயத்திற்காக, என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் நூலின் பழைய பதிப்பைப் புரட்டினேன். பல்லாண்டுகள் நம் மாணவர்கள் படித்த நூல் அது. வடநாட்டின் மெல்லிய பார்பெரி கரும்பையும், தென்னாட்டின் தடித்த அஃபிசினாரம் கரும்பையும் கலந்து நல்ல கரும்பு வகைகளைப் பெற்றார்கள் என்று அது கூறுகிறது. நாணலைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை!

நடந்தது என்ன? கோயம்புத்தூரில் 1912-இல் கரும்பு ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அங்கு பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும், 'வெள்ளை' என்னும் தடிக்கரும்பின் பூவில் உள்ளூர் நாணலின் மகரந்தத்தைச் சேர்த்தனர். பிறந்தது கோ 205. 1918-இல் அது பஞ்சாபுக்குச் சென்றது. அங்கிருந்த கரும்புகளைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விளைந்தது. குரோமோசோம் கணக்கே இதற்குச் சாட்சி: தடிக்கரும்பிலிருந்து 80, நாணலிலிருந்து 32, ஆக 112.

தடிக்கரும்பு தந்தது இனிப்பு. நாணல் தந்தது வறட்சியையும் குளிரையும் நோயையும் தாங்கும் உரம். கலப்பினத்தில் சர்க்கரை குறையும். ஆகவே அதை மீண்டும் மீண்டும் தடிக்கரும்புடன் கலந்து இனிப்பை மீட்பார்கள். இன்றைய கரும்புகளின் குரோமோசோம்களில் சுமார் 10 முதல் 20 விழுக்காடு நாணல் வழி வந்தவை. பார்பெரி கரும்பே நாணலும் தடிக்கரும்பும் இயற்கையில் கலந்து தோன்றியது என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

நூலுக்கு நியாயமும் செய்ய வேண்டும். அது சொன்னது பொய்யன்று; பிற்காலக் கலப்புகளில் பார்பெரியும் சேர்ந்தது. காட்டு உறவினங்களைச் சேகரிப்பதே பயிர்ப் பெருக்கத்தின் அடிப்படை என்றும் அதே பாடம் கூறுகிறது. வெண்டையை எடுத்துக்காட்டாகவும் தருகிறது. ஆனால் நம் மண்ணில் நிகழ்ந்த சிறந்த எடுத்துக்காட்டை அல்லவா தவறவிட்டது!

இது சிறு பிழை என்று தள்ளிவிட முடியாது. நல்லதும் நல்லதும் சேர்ந்தால்தான் நல்லது பிறக்கும் என்று மாணவன் எண்ணிக்கொள்கிறான். கரையில் நிற்கும் புல் அவனுக்கு வெறும் களையாகிவிடுகிறது. நாணல் அருகிவிட்ட செடியன்று, உண்மை. ஆனால் எல்லா நாணலும் ஒன்றல்ல. குரோமோசோம் எண்ணிக்கையே 40 முதல் 128 வரை இடத்திற்கு இடம் மாறுகிறது. நாளைய வறட்சிக்கோ நோய்க்கோ விடை எந்தக் கரைப் புல்லில் இருக்கிறதென்று யாரறிவார்? கரையைத் துப்புரவு செய்கிறோம் என்று அழித்தபின் தேடிப் பயனில்லை.

ஆசிரியர்களே, கரும்பைப் பற்றிப் பாடம் நடத்தும்போது மாணவர்களை ஒருமுறை ஆற்றங்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். பாடநூல் விட்ட வரி அங்கே பூத்து நிற்கிறது.