புள்ளியும் நுரையும்

மார்கழியில் நாகரசம்பட்டித் தெருக்களில் விடிவதற்குள் கோலம் விழுந்துவிடும். அரிசிமாக் கோலம் எறும்புக்குத் தீனி, அது ஒரு தர்மம் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இப்போது போடுவது வெள்ளைக்கல் பொடி. "எறும்பு என்னத்தத் திங்கும் அத்தே?" என்றால், "அது வேற எங்கியாச்சும் போயித் திங்கட்டும்" என்கிறார் அத்தை. கோடு ஒன்றும் பிசகவில்லை. தர்மம் மட்டும் கழன்றுகொண்டது. அது குடியிருந்தது மாவில், வடிவத்தில் அல்ல.

விதியைக் கொடுத்தால் தானே பெருகும் வடிவம் கோலம். தாம்பரம் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணியோடு கமலா கிருத்திவாசனும் சேர்ந்து 1974இல் அதற்குக் கணித இலக்கணமே எழுதினார்கள். இன்று கணிப்பொறி இதே வேலையைச் செய்கிறது, புள்ளியின் இடத்தில் புள்ளிவிவரத்தை வைத்து. விற்ற பணத்தில் ஒரு பங்கு அறக்காரியத்துக்கு. இந்தப் பங்கைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகம்.

துருக்கியில் பிறந்து அமெரிக்காவில் வாழும் ரெஃபிக் அனடோல், பார்சிலோனாவில் கௌடி மாற்றியமைத்த காசா பாட்லோ மாளிகையை அந்நகரத்துத் தட்பவெப்பத் தரவுகளால் அசையும் ஓவியமாக்கினார். 2022 மே மாதம் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அது சுமார் 13.8 லட்சம் டாலருக்குப் போனது. 10 விழுக்காடு நரம்பியல் வேறுபாடு உள்ளவர்களுக்கான நிறுவனங்களுக்கு. பார்சிலோனா மழைக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. கல்பொடிக் கோலம்.

2023இல் அவர் செய்த யாவனாவா காற்றுகள் வேறு வகை. பிரேசிலின் அக்ரே மாநிலத்துக் காட்டில் வாழும் யாவனாவா மக்களின் கிராமத்தில் கருவி வைத்துக் காற்றின் வேகம், திசை, வெப்பம் எல்லாம் எடுக்கப்பட்டன. அம்மக்களின் இளம் ஓவியர்களுடைய வரைவுகளும் அதில் கலந்தன. 1000 படைப்புகள் என்.எஃப்.டி.யாக விற்றன. யாருடைய காற்றோ அவர்களுக்கே பணமும் போனது. இங்கே கொஞ்சம் அரிசிமாவு இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒன்று உறுத்துகிறது: காற்று யாரையும் குற்றம் சாட்டாத புள்ளிவிவரம். காடு எத்தனை ஏக்கர் குறைந்தது, யார் வெட்டினார்கள் என்ற எண்களைச் சுவரில் ஓடவிட்டிருந்தால் வாங்கியிருப்பார்களா?

எங்கள் பக்கத்துக் கதைக்கு வருகிறேன். ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் மதகு திறந்தால் தென்பெண்ணையில் வெண்ணுரை குவிகிறது. தரைப்பாலத்தை மூடிய நாளும் உண்டு. பெங்களூர்ச் சாக்கடையும் ஆலைக் கழிவும் சேர்ந்து செய்யும் நுரை. அதே ஆறு கிருஷ்ணகிரி அணை தாண்டி, நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து எங்களுக்குப் பக்கத்துப் பாரூர் ஏரிக்கு வருகிறது. ஓசூரில் கணிப்பொறி வேலை பார்க்கும் என் தம்பி மகன் சொன்னான்: "ஆத்துத் தண்ணியில பிராணவாயு எவ்வளவுன்னு தெனம் அளந்து படமா ஓடவிடலாம் பெரியப்பா. வித்த காசுல ஸ்கூலுக்குத் தண்ணி மிஷின் வாங்கிக் குடுக்கலாம்."

நல்ல பிள்ளை. ஆனால் அந்தப் படம் எப்படி இருக்கும்? பிராணவாயு செத்த நாளில் ஊதா, கொஞ்சம் பிழைத்த நாளில் பச்சை, இரண்டும் குழைந்து கண்ணை மயக்கும். ஆற்றைக் கெடுத்தவன் அந்த மயக்கத்தில் காணாமல் போவான். நுரையே ஏற்கனவே அப்படியொரு படம்தான். அதன்முன் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

அழகே கூடாது என்று சொல்லவரவில்லை. 1858இல் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் கிரிமியப் போரில் செத்த சிப்பாய்களின் கணக்கைப் பூவிதழ் போன்ற வண்ணப்படமாக வரைந்தார். சிவப்பு, காயத்தால் செத்தவர்கள். அதைவிடப் பெரிய நீல இதழ், தடுத்திருக்கக்கூடிய நோயால் செத்தவர்கள். எந்த மாதம், எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்பதெல்லாம் படத்திலேயே எழுதியிருந்தது. அதைக் காட்டி அவர் நன்கொடை திரட்டவில்லை. படைமுகாம்களின் சுகாதாரத்தை மாற்றச் சொல்லி அரசாங்கத்தை நெருக்கினார்.

இதைத் தம்பி மகனிடம் சொன்னேன். தேதி போடு, இடம் போடு, அளவு போடு; எந்த வாய்க்கால் வழியாகக் கழிவு வந்தது என்பதையும் போடு.

"போட்டுடலாம். அப்பறம் யாரு பெரியப்பா வாங்குவா?"

விளையாட்டுக்குக் கேட்டதல்ல. ஓசூரில் இத்தகைய படத்தை விலைகொடுத்து வாங்கி வரவேற்பறையில் மாட்டக்கூடியவர்கள், 2013ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம் 135ஆம் பிரிவின்படி சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டிய பெரிய ஆலைகள்தாம்.