வேகத்தைக் குறைத்தால் இழுப்பு குறையுமா?

தொண்டையில் ட்ராக்கியாஸ்டமி குழாய் பொருத்திய நோயாளியோடு சக்‌ஷன் மெஷினும் வீட்டுக்கு வந்துவிடுகிறது. பெரியவர்களுக்குச் சளி எடுக்க 80 முதல் 120 மி.மீ. பாதரச அளவு இழுப்பு பொதுவாகப் போதும். பச்சிளங்குழந்தைக்கு 60 முதல் 80. முழுதாகத் திருகினால் 500-ஐத் தாண்டும் மெஷின்கள் உண்டு. சளியில் ரத்தக்கீற்றைப் பார்த்துப் பதறிய வீட்டார், இழுப்பைக் குறைக்கத் தாங்களே மெஷினில் கைவைக்கிறார்கள்.

சிலர் ஃபேன் ரெகுலேட்டரை மாட்டுகிறார்கள். சத்தம் தணிந்ததும் இழுப்பும் தணிந்துவிட்டதாக நம்பிக்கை. ஆனால் பிஸ்டன் பம்ப் எட்டும் உச்ச வெற்றிடத்தைப் பெரும்பாலும் அதன் சிலிண்டரும் வால்வும்தான் தீர்மானிக்கின்றன. மோட்டார் மெதுவாகச் சுற்றினால் உச்சத்தைத் தொடக் கூடுதல் நேரமாகும், அவ்வளவே. சளி உறிஞ்சும் மெல்லிய குழாயான கதீட்டரின் நுனி மூச்சுக்குழாய்ச் சுவரில் ஒட்டி அடைபட்டால் ஏறக்குறைய பழைய இழுப்புதான். காற்றோட்டம் குறைவதால் சளியும் சரியாக வராது, மோட்டாரும் சூடாகும். இதில் ஒரு நன்மையும் எனக்குத் தெரியவில்லை.

பம்புக்குப் போகும் குழாயில் டி-கனெக்டர் செருகி, வெளிக்காற்றைக் கொஞ்சம் உள்ளே விடுவது வேறு கதை. இதை அசட்டுத்தனம் என்று தள்ள முடியாது. பல மெஷின்களின் அழுத்தக் குமிழே இப்படிக் காற்றைக் கசியவிடும் வால்வுதான். கட்டைவிரலால் மூடித் திறக்கும் கதீட்டர் துளையும் அதே வேலையைச் செய்கிறது. நுனி அடைபட்டாலும் கசிவு இருப்பதால் இழுப்பு எகிறாது. குறை, அளவு தெரியாததில் இருக்கிறது. அந்தத் துளையில் தூசி அடைத்தால் இழுப்பு சொல்லாமல் கொள்ளாமல் ஏறிவிடும். மீட்டர் இருந்தாலும் படிக்கத் தெரிய வேண்டும்: குழாய் திறந்திருக்கையில் முள் பூஜ்யத்தை ஒட்டியே கிடக்கும். அதை நம்பிக் குமிழை ஏற்றுபவர்கள் உண்டு. குழாயை மடக்கிப் பிடித்தால்தான் முள் எழுந்து உண்மையைச் சொல்லும்.

இத்தனைக்கும், ரத்தம் வர அழுத்தம்தான் காரணம் என்றில்லை. 8 மி.மீ. உள்விட்டக் குழாய்க்குள் பாதி அளவை, அதாவது கதீட்டர் தடிமனுக்கான அலகில் 12 பிரெஞ்சை, மிஞ்சிய கதீட்டரை விட்டாலும், தேவைக்கு மேல் ஆழமாகத் தள்ளினாலும், 15 நொடிக்கு மேல் இழுத்தாலும் சவ்வு புண்ணாகும். சளி காய்ந்து கெட்டியானால் கை தானாக அழுத்தத்தை ஏற்றப் போகிறது. அங்கே கவனிக்க வேண்டியது ஈரப்பதத்தை. ரத்தம் தொடர்ந்தால் மருத்துவரிடம்தான் போக வேண்டும், மெக்கானிக்கிடம் அல்ல.

மெஷினை வாடகைக்கு எடுப்பவர்கள் கடையிலேயே குழாயை மடக்கிப் பிடித்துக் குமிழைத் திருகி, முள் 100-இல் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்து வாங்கினால், வீட்டில் ஸ்க்ரூடிரைவரைத் தேட வேண்டியிருக்காது.