அலமாரியில் ஆறும் போர்பன்

கிள்ளான் பக்கத்துத் தாமான் வீடுகளில், வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியைப் பார்த்தாலே குடும்ப வரலாறு ஓரளவு தெரிந்துவிடும். மேலே மகளின் பட்டமளிப்புப் படம், நடுவில் பள்ளிப் போட்டிகளில் வாங்கிய கோப்பைகள், கீழ்த்தட்டில் பெட்டி பிரிக்காத பிளாக் லேபலும் சிவாஸும். அண்மைக் காலமாக அந்தக் கீழ்த்தட்டில் அமெரிக்க போர்பன் விஸ்கியும் இடம்பிடித்துவருகிறது. பிரிக்ஃபீல்ட்ஸ் கொண்டோ வீடுகளில் அதற்கென்றே விளக்குப் போட்ட தனி அலமாரி வைப்பவர்களும் இருக்கிறார்கள். குடிப்பது சரியா தவறா என்ற பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை. போர்பனை வாங்கிச் சேர்ப்பது, அதை வீட்டில் உட்கார்ந்து ருசிப்பது என்று இந்தப் பழக்கத்துக்கு இரண்டு பகுதிகள் உண்டு. இரண்டுக்கும் ஒரே மதிப்பெண் போட முடியாது என்பதுதான் என் கட்சி.

மலேசியத் தமிழன் குடியைப் பற்றிப் பேசினால் தோட்டத்துக் கள்ளுக்கடையைத் தாண்டிப் போக முடியாது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் போன்றோர் முன்னின்ற வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. இராணுவம் வந்தது, தொழிலாளர்கள் சுடப்பட்டார்கள், நாதன் நாடு கடத்தப்பட்டார். போருக்குப் பிறகு கெடாவில் தொண்டர் படை கள்ளுக்கடை வாசல்களில் மறியல் செய்தது. கள் போன இடத்தில் சம்சு என்ற மலிவுச் சாராயம் வந்தது. குடி என்றால் சம்பள நாளன்று கூலி கரைவது என்ற நினைவு இன்னும் நம் வீடுகளில் ஆறவில்லை. பெட்டி பிரிக்காத ஸ்காட்ச் போத்தலை நாலு பேர் பார்க்க வைப்பது அந்த நினைவுக்குச் சொல்லும் பதில்தான்: நாங்கள் தோட்டத்தை விட்டு வெளியே வந்துவிட்டோம். கல்யாண விருந்தில் மேசைக்கு ஒரு பிளாக் வைப்பதும் அதே பதில்தான்.

போர்பன் ரசிகர் தன்னை இந்த இரண்டிலும் சேர்த்துக்கொள்வதில்லை. போதைக்கும் இல்லை, பெருமைக்கும் இல்லை, ருசிக்கு என்கிறார். அதில் பாதி உண்மை இருக்கிறது.

அந்தப் பாதியை முதலில் பார்ப்போம். போர்பன் என்று லேபலில் போடுவதற்கு அமெரிக்கச் சட்டம் சில நிபந்தனைகள் வைத்திருக்கிறது. அமெரிக்காவில்தான் செய்திருக்க வேண்டும். தானியத்தில் குறைந்தது 51 விழுக்காடு சோளம். உள்பக்கம் கருக்கிய புதிய ஓக் பீப்பாயில் ஊறியிருக்க வேண்டும். பீப்பாய்க்குள் போகும்போது 62.5 விழுக்காடு ஆல்கஹாலுக்கு மேல் இருக்கக் கூடாது. போத்தலில் 40 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. ‘ஸ்ட்ரெய்ட்’ என்ற சொல் இருந்தால் குறைந்தது 2 ஆண்டு ஊறியது, நிறமோ சுவையோ சேர்க்காதது. ‘பாட்டில்ட் இன் பாண்ட்’ என்று இருந்தால் ஒரே ஆலையில், ஒரே பருவத்தில் வடித்து, 4 ஆண்டாவது ஊறவைத்து, 50 விழுக்காட்டில் அடைத்தது. இந்தக் கடைசிச் சட்டம் 1897இல் வந்தது. காய்ச்சிய சாராயத்தில் புகையிலைச் சாறும் வேறு கண்டதும் கலந்து விஸ்கி என்று விற்ற காலம் அது. கலப்படத்துக்குத் தடை போடத்தான் அந்தச் சட்டம் பிறந்தது.

நமக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. 2018 செப்டம்பரில் இதே கிள்ளான் பள்ளத்தாக்கில் மெத்தனால் கலந்த மலிவு மது குடித்து 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் நேப்பாளம், வங்காளதேசம், மியன்மாரிலிருந்து வந்த தொழிலாளர்கள். கையில் இருக்கும் போத்தலில் என்ன இருக்கிறது என்பதை லேபலைப் படித்தே தெரிந்துகொள்ள முடிவது சின்ன விஷயம் இல்லை. லேபலைப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் எந்தப் பொழுதுபோக்கையும் நான் கையெடுத்துக் கும்பிடுவேன். நம்மில் பலர் முப்பது வருடமாகக் குடித்தும் லேபலில் நிறத்தைத் தவிர எதையும் பார்த்ததில்லை. பிளாக் லேபல் அண்ணன்மார்களுக்கு ஒரு தகவல்: போர்பனுக்கு ஒருமுறை பயன்பட்ட பீப்பாய் மறுபடி போர்பனுக்கு ஆகாது என்பதால் அது கப்பலேறி ஸ்காட்லாந்து போகிறது. நீங்கள் விரும்பும் ஸ்காட்சில் பெரும்பகுதி அந்தப் பழைய பீப்பாயில் ஊறியதுதான்.

ருசியைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். மேக்கர்ஸ் மார்க்கில் சோளத்துக்குத் துணை கோதுமை. வைல்ட் டர்க்கி 101இல் ரை என்ற தானியம். இரண்டையும் அடுத்தடுத்து இரண்டு கிளாஸில் சிறிதளவு ஊற்றி முகர்ந்து பார்த்தால், விவரம் தெரியாதவருக்கும் வேறுபாடு பிடிபடும். முதலாவது குலா மலாக்கா காய்ச்சும்போது எழும் மணத்துக்குப் பக்கத்தில் நிற்கும். இரண்டாவதில் மிளகும் பட்டையும் கலந்த காரம் தொண்டை வரை தொடரும். ஒரே வகை மதுவில் தானியம் மாறினால் என்ன ஆகும் என்று அரை மணி நேரம் யோசித்துக் குடிப்பவர் அந்த அரை மணியில் ஒரு பெக்குக்கு மேல் போவதில்லை. நம் ஊர்க் குடிக்குப் பழக்கமே இல்லாத நிதானம் இது. இந்தப் பொழுதுபோக்கின் பெரிய பலமும் இதுதான்.

இதில் நம் தட்பவெப்பத்துக்கு ஒத்துவராத உபதேசங்களும் உண்டு. ஐஸ் போடுவது பாவம் என்பது அதில் முதலாவது. குளிர் நாட்டில் அறை வெப்பம் 20 பாகையைத் தாண்டாது. இங்கே மின்விசிறிக்கு அடியிலேயே 30. அந்தச் சூட்டில் 50 விழுக்காட்டு போர்பனைத் தனியாக ஊற்றினால் மூக்கில் ஏறுவது ஆல்கஹால் ஆவிதான், வெனிலாவும் இல்லை, கேரமலும் இல்லை. பெரிய ஐஸ் கட்டி ஒன்றைத் தாராளமாகப் போடலாம். அதேபோல, பக்கத்தில் காரசாரமான மட்டன் பிரட்டலை வைத்துக்கொண்டு வீரியமான போர்பனைக் குடிப்பதும் வீண். மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் கூட்டிவிடும். நாக்கு வேறெதையும் சொல்லாது. உப்புக் கடலையோ முறுக்கோ போதும்.

இனி சேகரிப்பு. பழக்கம் தடம்புரள்வது இங்கேதான்.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையை உடைக்கவேண்டும். போத்தலில் போர்பன் வளராது. மரத்தோடு உறவு அறுந்த நாளோடு அதன் வயது நின்றுவிடும். மகன் பிறந்தபோது வாங்கிய 12 ஆண்டு விஸ்கி அவன் கல்யாணத்திலும் 12 ஆண்டு விஸ்கிதான். வைன் பற்றி எங்கோ கேட்டதை விஸ்கிக்கும் பொருத்திவிட்டு, வருடக்கணக்கில் பூட்டி வைப்பவர்கள் நம்மில் ஏராளம். வளராதது மட்டுமில்லை, இந்த ஊரில் தேயவும் தேயும். ஈரக் காற்றில் லேபல் பூஞ்சை பிடித்துப் பழுப்பேறும். மாலை வெயில் விழும் சுவரோரம் அலமாரி இருந்தால் நிறமும் மணமும் போகும். வைன் மாதிரி படுக்கவைத்தால் வீரியமான மது கார்க்கை அரிக்கும். நிமிர்த்தியே வைத்தாலும் வருடக்கணக்கில் ஏர்கோன் ஓடி நிற்கும் அறையில் கார்க் வறண்டுபோகும். ஆசையாகத் திறக்கும் நாளில் பாதிக் கார்க் கையிலும் மீதி பொடிப்பொடியாக மதுவிலும் இருக்கும். பிறகு காப்பி வடிகட்டியைத் தேடவேண்டியதுதான். திறந்த போத்தலோ மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கியதும் உள்ளிருக்கும் காற்றால் வேகமாகத் தட்டையாகும்.

அடுத்தது, அரிதென்ற மாயை. பிளான்டன்ஸ் 1984இல் வந்த ஒற்றைப் பீப்பாய் போர்பன். அதன் மூடியில் குதிரையும் ஜாக்கியும். எட்டு மூடிகளில் எட்டு எழுத்து, எல்லாம் சேர்ந்தால் பிராண்டின் பெயர். அழகான யோசனைதான், ஆனால் யாருக்கு அழகு? எட்டாவது எழுத்துக்காக அதே மதுவை எட்டாம் முறை வாங்குபவர் உலோகப் பொம்மை சேகரிப்பவராக மாறிவிட்டார். பப்பி வான் விங்கிள் என்ற போர்பனின் கதை இன்னும் பெரிது. 2013இல் கென்டக்கி ஆலையிலிருந்தே அதைத் திருடிப் போகும் அளவுக்கு அதன் மேல் வெறி. ஆனால் அதே கென்டக்கியின் கிடங்குகளில் 1.4 கோடிக்கும் அதிகமான பீப்பாய்கள் ஊறிக்கொண்டிருக்கின்றன. போர்பனுக்குப் பஞ்சம் இல்லை. சில லேபல்களுக்கு மட்டும் பஞ்சம் உண்டாகியிருக்கிறது, அல்லது உண்டாக்கப்பட்டிருக்கிறது.

முதலீடு என்று சொல்பவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு. கென்டக்கியில் தனியாரிடமிருந்து பழைய போத்தலை உரிமம் பெற்ற கடைகள் வாங்கி விற்க 2018 முதல் சட்டம் இடம் தருகிறது. நம் நாட்டில் 1976ஆம் ஆண்டு கலால் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது விற்பது குற்றம். கைப்பேசிக் குழுவில் நண்பருக்கு நண்பர் விலை பேசினாலும் அதே சட்டம்தான். விற்க முடியாத சொத்தை முதலீடு என்று எந்தக் கணக்கில் எழுதுவது?

வரியையும் பார்க்கலாம். தூய ஆல்கஹால் லிட்டருக்கு 150 வெள்ளி என்று 2016 முதல் இருந்த கலால் வரி, 2025 நவம்பரில் 10 விழுக்காடு கூடியது. 700 மில்லி, 40 விழுக்காட்டுப் போத்தலுக்கு இந்தக் கூடிய வரி ஏறத்தாழ 46 வெள்ளி, 50.5 விழுக்காட்டுப் போத்தலுக்கு 58. மற்ற வரிகள் தனி. வரி ஆல்கஹாலுக்குத்தான், தண்ணீருக்கு இல்லை என்பதால் வீரியமான போத்தலை வாங்கி ஐஸ் போட்டுக் குடிப்பவருக்கு நட்டமில்லை. அலமாரியில் நிறுத்தி வைப்பவருக்கோ எல்லாமே நட்டம். லங்காவியிலிருந்தோ விமான நிலையத்திலிருந்தோ கொண்டுவரலாம் என்றால், ஆளுக்கு 1 லிட்டர்தான் வரிவிலக்கு. மனைவி, மாமியார் பெயரிலும் ஒவ்வொன்று என்று கணக்குப் போடும் குடும்பச் சுற்றுலாக்களை நானும் அறிவேன்.

வீட்டில் குடிப்பது நல்லதா? சாலைக்கு நல்லது. 2020 அக்டோபரில் வாகனமோட்டிகளுக்கான இரத்த ஆல்கஹால் வரம்பு 100 மில்லிக்கு 80 மில்லிகிராமிலிருந்து 50க்கு இறங்கியது, தண்டனையும் கடுமையானது. உட்கார்ந்த இடத்திலேயே உறங்கப்போகலாம் என்பது உண்மையான ஆதாயம். ஆனால் கடையில் பரிமாறுபவர் அளந்து ஊற்றுகிறார். வீட்டில் கை ஊற்றும். கைக்கு உறவினர் பாசம் அதிகம். 30 மில்லி என்று நினைத்து ஊற்றியதை ஒருமுறை அளந்து பாருங்கள். அளவுக் கிண்ணம் இல்லாத போர்பன் அலமாரியை நான் ரசனைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இருபது போத்தல் திறந்திருக்கும் வீட்டில் எது எவ்வளவு குறைந்தது என்பது வீட்டுக்காரருக்கே தெரியாது. ஒரே போத்தல் இருக்கும் வீட்டில் மனைவிக்குக்கூடத் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. பி.பி.ஆர். மலிவு வீட்டு அடுக்குமாடியில் ஒருவர் வேலை முடிந்து மலிவு மது குடித்தால் அது சமூகச் சீர்கேடு. கருத்தரங்கு வைத்துப் பேசுகிறோம். கொண்டோவில் ஒருவர் அதே இரவில் அதே அளவு ஆல்கஹாலை விலை உயர்ந்த போத்தலிலிருந்து குடித்தால் அது ரசனை. கோலாலம்பூரில் மளிகைக் கடைகளில் கடும் மது விற்க மாநகர் மன்றம் 2021இல் தடை கொண்டுவந்தபோது பாதிக்கப்பட்டது முதலாமவர்தான். இரண்டாமவர் வாங்கும் கடை வேறு. கல்லீரலுக்கு இந்தப் பாகுபாடு தெரியாது. உலகச் சுகாதார நிறுவனம் 2023 தொடக்கத்தில், உடல்நலத்துக்குக் கேடில்லாத குடி அளவு என்று ஒன்றில்லை என்றே சொல்லிவிட்டது. பீப்பாய் புதிதா பழையதா என்று அது பார்க்கவில்லை. போர்பன் ரசிகர்கள் தங்கள் கூட்டங்களில் இதைப் பேசுவதில்லை. தானிய விகிதத்தை மனப்பாடமாகச் சொல்பவர்கள் வாரத்துக்கு எவ்வளவு குடிக்கிறோம் என்ற கேள்விக்கு மட்டும் பேச்சை மாற்றுகிறார்கள்.

ஆகவே என் தீர்ப்பு: ருசிப்பது தேறும், சேர்ப்பது தேறாது. கோதுமை போட்டது ஒன்று, ரை போட்டது ஒன்று, வேண்டுமானால் ‘பாட்டில்ட் இன் பாண்ட்’ ஒன்று. இந்த மூன்றும் போர்பன் என்றால் என்ன என்று கற்றுக்கொடுத்துவிடும். மூன்றில் ஒன்று தீர்ந்த பிறகு நான்காவதை வாங்கலாம். வாங்கும்போது சுங்க வரி முத்திரை ஒட்டியிருக்கிறதா, மூடியின் உறை பிரிக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். தீபாவளிக்கு வருபவர்களுக்கு ஊற்றிக் கொடுங்கள், வேண்டாம் என்பவரை வற்புறுத்தாதீர்கள். பெயர்பெற்ற பிராண்டின் காலிப் போத்தலுக்கு இணையத்தில் விலை கொடுக்க ஆள் இருக்கிறது; அதில் எதையாவது நிரப்பி மறுபடி விற்கத்தான். தீர்ந்த போத்தலை அப்படியே வெளியே வைக்காமல், லேபலைக் கிழித்துவிட்டுப் போடுங்கள்.