தமிழ்க் கோலத்தில் கத்தோலிக்கக் கோயில்

யாழ்ப்பாணத்தின் கரவெட்டிக்குப் பக்கத்துக் கட்டைவேலியில் போர்த்துக்கேயர் காலத்திலேயே கத்தோலிக்கப் பங்கு ஒன்று இருந்தது. பருத்தித்துறையும் உடுப்பிட்டியும் கட்டைவேலியுமே அன்றைய வடமராட்சியின் பங்குகள். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்து, கோயில்களையும் கைப்பற்றிக்கொண்டனர். 1687இல் மாறுவேடத்தில் வந்த யோசேப் வாஸ் அடிகள் சிதறிக்கிடந்த மக்களை மீண்டும் திரட்டினார். 1847இல் அமலமரித் தியாகிகள் சபையினர் வந்தபின் எழுந்த பெரிய கோயில்களில் ஐரோப்பியச் சாயலே ஓங்கியது. மணிக்கூண்டும் வளைவுகளும் மட்டுமன்றிச் சொரூபங்களின் முகங்களும் கடல் கடந்தே வந்தன.

திருச்சபை எந்தக் கலைப்பாணியையும் தனக்கே உரியதாகக் கொண்டதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் அறிவித்தது. அதன்பின் வழிபாட்டைப் பண்பாட்டுமயமாக்கும் முயற்சி வேகம் பிடித்தது. ஆனால், தமிழ்நாட்டில் அதற்கு வேர் முன்பே இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் கோணான்குப்பத்துப் பெரியநாயகி அன்னைக்கு வீரமாமுனிவர் தமிழ்ப்பெண்ணின் கோலம் தந்தார். இன்றும் மக்கள் அந்த அன்னையை எங்கள் தாய் என்றே கும்பிடுகிறார்கள். பண்பாட்டுமயமாக்கலின் முழு வலிமையும் அந்த உரிமையில்தான் இருக்கிறது.

குளித்தலைக்கு அருகே காவிரிக்கரையில் 1950இல் தொடங்கிய சாந்திவனம் என்ற கத்தோலிக்க ஆசிரமம் வேறு வழியில் போனது. அங்குள்ள சிற்றாலயத்துக்கு வாயிற்கோபுரம், மண்டபம், கருவறை எல்லாம் உண்டு. கோபுரத்தில் சிலுவையிலிருந்து மூன்று முகங்கள் கொண்ட உருவம் எழுகிறது. அது மூவொரு கடவுளைக் குறிப்பது. இருண்ட கருவறைக்குள் நற்கருணை வைக்கப்பட்டிருக்கிறது. வெளிச்சத்திலிருந்து இருளை நோக்கி நடந்து இறைவனை அடையும் அந்த அமைப்பு தமிழர் உள்ளத்துக்கு நன்கு பழகியது. கலையாகப் பார்த்தால் அது பெரும் வெற்றி. எனினும் மும்முகத் திருவுரு சைவருக்குத் தம் மரபை இரவல் எடுத்ததாகவும், பழைய கத்தோலிக்கருக்கு அந்நியமாகவும் தோன்றியது. தலித் கிறிஸ்தவச் சிந்தனையாளரின் கேள்வி இன்னும் கூர்மையானது: தங்களைக் கோயிலுக்கு வெளியே நிறுத்திய ஆகம மரபைத் தங்கள் வழிபாட்டுக்குள் ஏன் கொண்டுவர வேண்டும்? இதற்கு நேர்மையான பதில் இதுவரை வரவில்லை.

யாழ்ப்பாணத்தில் தமிழ்க் கோலம் கட்டடத்தைவிட வழக்கத்திலேயே ஆழமாகப் பதிந்திருக்கிறது. கொடியேற்றம், சொரூபப் பவனி, தென்மோடிக் கூத்து ஆகியவற்றை மக்களே வளர்த்தார்கள். மரியசேவியர் அடிகள் 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் அந்த நாடக மரபைத் திருப்பாடுகளின் காட்சிகளுக்குக் கொண்டுவந்தது. கிறிஸ்துவின் துயரத்தைத் தன் ஊர்க் குரலில் கேட்டவருக்கு அதை எவரும் விளக்க வேண்டியதில்லை.

போர் பல கோயில்களைச் சிதைத்தது. 1993இல் குருநகர் யாகப்பர் ஆலயமும், 1995 யூலை 9 அன்று நூற்றுக்கும் அதிகமானோர் உயிரிழந்த நவாலி ஆலயமும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. மீளக் கட்டும்போது கூரையும் சுவரும் முந்தியது இயல்பே. ஆனால் பீடத்துக்குப் பின்னால் அச்சுப் படமும் வார்ப்புச் சொரூபமும் நிரந்தரமாகிவிடுவது பெரும் இழப்பு. வடமராட்சி போன்ற சைவச் சூழலில் இரவல் கோபுரம் கட்டுவதாலும் அந்த இழப்பு ஈடாகாது. குருநகர் தந்த ஓவியர் மாற்குவின் வழிவந்த கலைஞர்கள் இங்கே இருக்கிறார்கள். அடுத்த சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகளையும் வரையும் பணியைப் பங்குச் சபைகள் அவர்களிடமே ஒப்படைக்க வேண்டும்.