காடு என்னும் சொல்லும் மர அறுவை ஆலை உரிமமும்: கோதவர்மன் வழக்கு ஆணைகள் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

இந்தியாவில் மரம்சார் தொழில்களை ஒழுங்குபடுத்தும் இன்றைய முறை, பெரும்பாலும் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணைகளால் உருப்பெற்றது. மரம் எங்கு விளைந்தது என்பதைவிட எங்கு அறுக்கப்படுகிறது என்பதையே இம்முறை முதன்மையாக நோக்குகிறது. அதனால் காட்டுமரமும் உழவர் வளர்த்த மரமும் ஒன்றாக நடத்தப்படுகின்றன என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

முன்னுரை

தமிழில் காடு என்பது பல பொருள் ஒரு சொல். மரமடர்ந்த இயற்கை நிலத்தைக் குறிக்கும் இச்சொல், சுடுகாடு, இடுகாடு என்னும் கூட்டுச்சொற்களில் ஈமநிலத்தைக் குறிக்கிறது. கொங்கு வட்டாரத்தில் ஓர் உழவர் ‘காட்டுக்குப் போகிறேன்’ என்றால், தம் புன்செய்க்குச் செல்கிறார் என்பதே பொருள். வனமும் விளைநிலமும் ஒரே சொல்லில் அடங்கினும், பேசுவோர் இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை. மர வாணிகத்தை ஆளும் சட்டமுறை இவ்வேறுபாட்டைப் பேணியுள்ளதா என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

ஆணைகளின் பின்புலம்

நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதிக் காடுகளின் அழிவை எதிர்த்து, நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 12.12.1996 அன்று பிறப்பிக்கப்பட்ட இடைக்கால ஆணை, வனம் என்பதை அகராதிப் பொருளில் கொள்ள வேண்டும் என்றது. நிலம் எவருடைய உடைமையாயினும் 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும் என்றும் தெளிவுபடுத்தியது. அருணாசலப் பிரதேசத்தின் திரப், சாங்லாங் பகுதிகளில் இயங்கிய அறுவை ஆலைகளும் ஒட்டுப்பலகை ஆலைகளும் உடனே மூடப்பட வேண்டும் என்றும் கூறியது.

தமிழ்நாட்டுக்கென அதே ஆணை தனிக்கூறுகளை வகுத்தது. வனப்பகுதிகளில் மரம் வெட்ட முழுத்தடை விதிக்கப்பட்டது. எனினும், தானே முளைக்காமல் நட்டு வளர்க்கப்பட்டு, முன்பு வனமாக இராத நிலத்தில் நிற்கும் மரங்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. நட்ட மரம் வேறு, முளைத்த மரம் வேறு என்னும் தெளிவு நீதிமன்றத்துக்கு அன்றே இருந்தது என்பதற்கு இதுவே சான்று.

நழுவிய வேறுபாடு

வெட்டுதலில் பேணப்பட்ட இத்தெளிவு, அறுத்தலில் கைவிடப்பட்டது. 2002 அக்டோபரில் பிறப்பிக்கப்பட்ட ஆணை, உரிமம் பெறாத அறுவை, வெனீர், ஒட்டுப்பலகை ஆலைகள் அனைத்தையும் மூடப் பணித்தது. மத்திய அதிகாரக் குழுவின் முன் அனுமதியின்றிப் புதிய ஆலை எதனையும் மாநிலங்கள் திறக்கவிடலாகாது என்றும் கட்டளையிட்டது. ஆலை சிறிதா பெரிதா, அங்கு அறுபடுவது காட்டுத்தேக்கா தோட்டத்து வேம்பா என்னும் வினாக்களுக்கு அவ்வாணையில் இடமில்லை.

1988ஆம் ஆண்டுத் தேசிய வனக்கொள்கையோ வேறு திசை காட்டியது. தொழிற்சாலைகள் மரம் வளர்ப்போருடன் நேரடி உறவு கொண்டு தமக்கு வேண்டிய மூலப்பொருளைப் பெறவேண்டும் என்றது. மூலப்பொருள் இருப்பை ஆராய்ந்த பின்னரே அனுமதி என்னும் விதியிலிருந்து சிற்றூர், குடிசைத் தொழில்களை விலக்கியது. உழவரை மரம் வளர்க்கத் தூண்டிய கொள்கையும், அம்மரத்தை அறுக்கும் ஆலையை முடக்கிய ஆணையும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன.

முரணின் விளைவு

ஆலை ஓரிடத்தில் நிற்பது, எண்ணுவதற்கு எளியது. மரமோ இடம்பெயர்வது. வனக்காவலர் குறைந்த நாட்டில் ஆலையைக் கட்டுப்படுத்துவதே இயன்ற வழி என்னும் வாதம் புறந்தள்ளத்தக்கதன்று. வடகிழக்கில் காட்டையே நம்பி ஆலைகள் பெருகியிருந்த சூழலில் அக்கடுமை தேவையாகவே இருந்தது. ஆயினும் ஓரிடத்து நோய்க்கு எழுதிய மருந்தை நாடு முழுமைக்கும் கொடுத்ததே சிக்கலாயிற்று.

உரிமம் ஆலையின் இருப்பைச் சான்றுரைக்குமேயன்றி, அங்கு வந்திறங்கும் மரத்தின் பிறப்பிடத்தைச் சான்றுரைக்காது. உரிமம் பெற்ற ஆலையில் கடத்தல் மரமும் அறுபடலாம். தன் வேம்பை மாட்டுக்கொட்டகைக்கு அறுத்துத்தரும் சிற்றாலையோ குற்றவாளியாகலாம். மேலும், புதிய உரிமங்கள் முடக்கப்படும்போது பழைய உரிமமே ஒரு சொத்தாகிவிடுகிறது. வாங்குவோர் சிலராகவும் விற்போர் பலராகவும் உள்ள சந்தையில், பல்லாண்டுகள் காத்திருந்து மரம் வளர்த்த உழவர் விலைபேசும் வலிமையை இழக்கிறார். உள்நாட்டு மரம் அரிதாகும்போது தேவை பிறநாட்டுக் காடுகளை நோக்கித் திரும்புகிறது. அந்நாடுகளும் ஒருநாள் கதவடைக்கும்; உருண்டை மர ஏற்றுமதியை மியான்மர் 2014இல் நிறுத்தியது.

2016ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறைகள் உரிமம் வழங்கும் பொறுப்பை மாநிலக் குழுக்களிடம் அளித்தன. மர இருப்பைக் கணிக்குமாறும் பணித்தன. இது வரவேற்கத்தக்க மாற்றமே. ஆயினும் கட்டுப்பாட்டின் மையம் இன்னும் ஆலையாகவே உள்ளது.

முடிவுரை

வனம் என்பதற்கு அகராதிப் பொருள் கொண்டதில் பிழையில்லை. அவ்விரிந்த பொருளே பல காடுகளைக் காத்தது. அப்பொருளுக்குப் புறத்தே நிற்கும் உழவரின் ‘காட்டை’யும் வனத்துக்குரிய கட்டுப்பாட்டால் ஆண்டதே குறை. மரத்தின் பிறப்பிடச் சான்றை முதன்மையாகவும் ஆலையின் உரிமத்தைத் துணையாகவும் கொள்ளும் முறையே இக்குறையைத் தீர்க்கும். நில ஆவணத்தோடு இணைந்த எளிய சான்று ஊர் அளவிலேயே கிடைத்தல் வேண்டும். இயற்கைக் காட்டை ஒட்டிய ஆலைகளில் கண்காணிப்பு கடுமையாதல் வேண்டும். அந்நிலையில்தான் வனமும் காக்கப்படும். மரம் வளர்த்தவருக்கும் உரிய பயன் கிட்டும்.