பழைய தூண், புதிய ஜன்னல்: பென்டகன் பற்றிச் சொல்லப்படும் பாதிக் கதை

ஏற்கெனவே நிற்கும் ராணுவக் கட்டடங்களைக் குண்டுவெடிப்பைத் தாங்கும்படி பலப்படுத்துவது பற்றிப் படிக்க ஆரம்பித்தால், எங்கே சுற்றினாலும் கடைசியில் பென்டகனில் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. "புதுப்பித்த பகுதியில் விமானம் மோதியது, அதனால்தான் பலர் பிழைத்தார்கள்" என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் கதை. பொய் இல்லை. ஆனா பாதிதான். இந்தப் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற பழைய கட்டடங்களுக்குச் செலவு திட்டம் போடுவதுதான் எனக்கு நெருடுகிறது.

பென்டகன் 1941 செப்டம்பரில் தொடங்கி 16 மாதத்தில் கட்டி முடித்த கட்டடம். 1990-களில் அதை ஐந்து துண்டுகளாகப் பிரித்துப் புதுப்பிக்க ஆரம்பித்தார்கள். முதல் துண்டு வேலை முடியும் தறுவாயில், 2001 செப்டம்பர் 11 அன்று, போயிங் 757 அதே பகுதியில் மோதி, பக்கத்தில் இருந்த புதுப்பிக்காத இரண்டாவது துண்டுக்குள் பாய்ந்தது. கட்டடத்தில் இருந்த 125 பேரும், கடத்தல்காரர்களைத் தவிர விமானத்தில் இருந்த 59 பேரும் இறந்தார்கள்.

புதுப்பித்தலில் செய்தது என்ன? வெளிச்சுவர், சுண்ணாம்புக் கல்லுக்குப் பின்னால் கம்பி இல்லாத செங்கல். அந்த மாதிரிச் சுவரில் கெட்டியான கண்ணாடியை மட்டும் மாட்டினால் பிரயோஜனம் இல்லை. கண்ணாடி உடையாது, சரி; அது வாங்கும் அழுத்தம் சட்டத்துக்குப் போகும், சட்டத்திலிருந்து சுவருக்குப் போகும். சுவர் பலவீனம் என்றால் ஜன்னல் மொத்தமாகப் பெயர்ந்து உள்ளே வரும். அதனால் ஜன்னலின் இரு பக்கமும் தளத்திலிருந்து தளம் வரை இரும்புக் குழாய் நிறுத்தி போல்ட் போட்டார்கள். குழாய்களுக்கு நடுவே உறுதியான துணியை இழுத்துக் கட்டினார்கள், செங்கல் சிதறினால் பிடித்துக்கொள்ள. மனதில் வைத்திருந்தது ட்ரக் குண்டு, விமானம் இல்லை. இருந்தும், மோதிய இடத்துக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்த சில ஜன்னல்கள்கூட உடையாமல் நின்றன. பாராட்ட வேண்டிய வேலை, சந்தேகமே இல்லை.

இனி மறுபாதி. அமெரிக்க சிவில் இன்ஜினியர்கள் சங்கம் 2003-இல் வெளியிட்ட ஆய்வு அறிக்கையில், புதுப்பித்தலைவிட 1940-களின் காங்கிரீட்டைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். சுமார் 50 தூண்கள் நாசமாகின அல்லது மோசமாகப் பழுதாகின. ஆனாலும் மேல்தளங்கள் உடனே இடியவில்லை. அந்த இடைவெளியில் பலர் வெளியேறினார்கள். காரணம், தூண்களில் தனித்தனி ரிங்குக்குப் பதில் சுருளாகச் சுற்றிய கம்பி. வெளிக் காங்கிரீட் உதிர்ந்த பிறகும், நடுவில் இருந்ததை அந்தச் சுருள் இறுக்கிப் பிடித்திருந்தது. தூணுக்குத் தூண் தூரமும் குறைவு. விட்டத்தின் கம்பிகள் தூணோடு நிற்காமல் தாண்டித் தொடர்ந்தன. இதற்கு மேல், தளங்கள் காகிதக் கோப்புகளை அடுக்கும் கிடங்கின் பாரத்துக்குக் கணக்கிடப்பட்டவை: சதுர அடிக்கு 150 பவுண்டு, அதாவது சதுர மீட்டருக்கு 730 கிலோ சுமார். சாதாரண அலுவலகத்துக்கு இவ்வளவு தேவையே இல்லை. பாரம் தாங்கிய தூண்கள் போனபோது அந்த உபரிதான் கை கொடுத்தது.

இதில் எதையும் ஜன்னல் மாற்றும் கான்ட்ராக்டர் கொண்டு வந்து மாட்ட முடியாது. 1960-களிலோ 70-களிலோ சிக்கனமாகக் கட்டிய ஒரு பாரக்ஸில் நீண்ட இடைவெளித் தூண்களும் விட்டத்தோடு முடியும் கம்பிகளும் இருந்தால், அதே இரும்புக் குழாயும் கண்ணாடியும் பென்டகனில் தந்த பலனைத் தருமா? எனக்கு நம்பிக்கை இல்லை.

அந்த ஜன்னலுக்கே இன்னொரு முகமும் உண்டு. உள்ளே புகையில் மாட்டியவர்கள் கனமான பொருளைத் தூக்கி எறிந்தும் கண்ணாடி உடையவில்லை. ஏற்கெனவே இடம் பெயர்ந்திருந்த ஒரு ஜன்னலைத் தள்ளித்தான் சிலர் தப்பினார்கள். வெளியே இருந்து வரும் அழுத்தத்தை நிறுத்தும் பொருள், உள்ளே இருப்பவர்களையும் நிறுத்திவிடும். வெற்றிக் கதைகளில் இது ஒரு வரியாகக்கூட வருவதில்லை.

அப்ப ஜன்னல் முக்கியம் இல்லையா? ரொம்ப முக்கியம். 1996 ஜூன் 25, சவூதியின் கோபர் டவர்ஸ். எட்டு மாடிக் கட்டடத்திலிருந்து சுமார் 24 மீட்டர் தள்ளி, வேலிக்கு வெளியே நிறுத்திய டேங்கர் லாரி வெடித்தது. 19 அமெரிக்க விமானப் படையினர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானவர்கள் காயப்பட்டார்கள். பெரும்பாலான காயம் பறந்த கண்ணாடியால். ஜன்னலுக்கு மைலார் ஃபிலிம் ஒட்டச் சொன்ன பரிந்துரை முன்பே வந்திருந்தது, பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கப்பட்டிருந்தது. வேலியைத் தள்ளிப் போடும் கோரிக்கையும் நடக்கவில்லை. தூரத்தின் மதிப்பு அபாரமானது: தூரத்தை இரட்டிப்பாக்கினால், அதே உச்ச அழுத்தத்தை உண்டாக்க எட்டு மடங்கு வெடிமருந்து வேண்டும். ஆனா நிற்கும் கட்டடத்தை நகர்த்த முடியுமா? அதனால்தான் பழைய கட்டடத்தின் கதை புதியதிலிருந்து வேறு.

கோபருக்குப் பிந்தைய ஆண்டுகளில் உருவான அமெரிக்க ராணுவத் தரவிதிதான் யு.எஃப்.சி. 4-010-01, 2002-இல் முதலில் வந்து பலமுறை திருத்தப்பட்டது. எந்தத் தாக்குதலையும் தாங்கும் என்று அது சொல்லவில்லை. ஒரே நேரத்தில் பலர் சாவதைக் குறைப்பதே நோக்கம் என்கிறது. நேர்மையான பேச்சு. ஜன்னல் மாற்றும் வேலை எடுத்தாலே புதிய தரத்துக்குப் போக வேண்டும் என்று அதில் உள்ள விதி, மொத்த ஆவணத்திலும் எனக்கு மிகவும் பிடித்தது.

பிடிக்காதது 50 சதவீத விதி. கட்டடத்தைப் புதிதாகக் கட்ட 100 ரூபாய் ஆகும்னு வைத்துக்கொள்வோம். புதுப்பிக்கும் செலவு 50 ரூபாயைத் தாண்டினால் தரவிதி முழுதாகப் பொருந்தும். 49-இல் நின்றால் இந்த வாசல் திறக்காது. ஆயிரக்கணக்கான கட்டடங்களை ஒரே நாளில் மாற்ற முடியாது, எங்கோ ஒரு கோடு வேண்டும் என்பது புரிகிறது. விரும்பும் கமாண்டர் கூடுதலாகச் செய்ய எந்தத் தடையும் இல்லை என்பதும் உண்மை. ஆனா கோடு அளப்பது பணத்தை. சாலையிலிருந்து எவ்வளவு தூரம், எத்தனை பேர் படுத்துத் தூங்குகிறார்கள், தூணுக்குள் எந்தக் கம்பி இருக்கிறது, இவை எதுவும் அந்தக் கோட்டில் இல்லை. சாலையோரத்தில் 200 பேர் தூங்கும் பாரக்ஸுக்குக் கூரையும் குழாயும் மட்டும் மாற்றினால் அது 49-க்குள் அடங்கிவிடும். முகாமின் நடுவில் இருக்கும் அலுவலகத்துக்கு ஆடம்பரமாகச் செய்தால் 50-ஐத் தாண்டி, முழுப் பாதுகாப்பும் கிடைத்துவிடும்.

என் கேட்டால், முதல் செலவு ஜன்னலுக்கு வேண்டாம். ஓரிரு தூணில் மேல்பூச்சைக் கொத்தி, உள்ளே ரிங் எந்த இடைவெளியில் இருக்கிறது, விட்டத்துக் கம்பி தூணைத் தாண்டிப் போகிறதா என்று பார்க்கட்டும். பழைய வரைபடம் கிடைத்தாலும் நேரில் பார்க்கட்டும். வரைபடத்தில் இருப்பதெல்லாம் கம்பி கட்டியவர் கையில் இருந்ததா என்பது வேறு விஷயம். இதற்கு ஆகும் செலவு, ஜன்னல் டெண்டரோடு ஒப்பிட்டால் சில்லறை.