லெய்டன் சொல்லடைவு காட்டும் கூட்டாய்வு நெறி

ஆய்வாளர் பலரை ஒரு பல்கலைக்கழகத்தில் அமர்த்திவிட்டால் கூட்டாய்வு தானே உருவாகிவிடும் என்று எண்ணுவோர் உளர். அவ்வாறன்று என்பதற்கு, ஹதீஸ் கலை பயில்வோர் நன்கறிந்த ‘அல்முஃஜமுல் முஃபஹ்ரஸ்’ என்னும் சொல்லடைவே தக்க சான்று.

நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழக அறிஞர் வென்சிங்க் 1916-இல் இதற்குத் திட்டம் வகுத்தார். பல நாட்டு அறிஞர்கள் ஒன்பது நபிமொழி நூல்களைத் தமக்குள் பங்கிட்டுச் சொற்களைத் தொகுத்தனர். முதல் தொகுதி 1936-இல் வந்தது. 1939-இல் வென்சிங்க் மறைந்த பின்னரும் பணி நிற்கவில்லை. ஏழாம் தொகுதி 1969-இலும், பெயரடைவுகள் அடங்கிய எட்டாம் தொகுதி 1988-இலும் வெளிவந்தன.

இத்தொடர்ச்சிக்குத் தனிமனிதர் புலமை மட்டும் காரணமன்று. அனைவரும் ஏற்ற குறியீட்டு முறையே காரணம். புகாரி, அபூதாவூத் முதலியவற்றுக்குப் பாட எண். முஸ்லிம், முவத்தா இரண்டுக்கும் ஹதீஸ் எண். அஹ்மதின் முஸ்னதுக்கு ஹிஜ்ரி 1313-ஆம் ஆண்டுக் கெய்ரோப் பதிப்பின் தொகுதி, பக்க எண்கள். ஆயினும் எண்ணிடப்பெறாத பதிப்பை வைத்திருந்தோர்க்கு இவ்வடைவு பூட்டிய பேழையாகவே இருந்தது.

திறவுகோல் தந்தவர் எகிப்தியரான முஹம்மது ஃபுஆத் அப்துல் பாகீ. வென்சிங்க் 1927-இல் வெளியிட்ட கையேட்டை ‘மிஃப்தாஹு குனூஸிஸ் ஸுன்னா’ என அரபியாக்கினார். ஸஹீஹ் முஸ்லிமுக்கும் இப்னு மாஜாவுக்கும் அவர் இட்ட எண்கள் இன்றும் வழக்கில் உள்ளன. இஸ்லாம் குறித்த வென்சிங்கின் எழுத்துகள் எகிப்தில் கடும் எதிர்ப்பைச் சந்தித்த 1930-களிலேயே அம்மொழிபெயர்ப்பு வெளிவந்தது. கருத்தில் முரண்பட்டோரும் முறையில் ஒன்றுபடலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

குறையையும் கூறுதல் கடன். சொல் வழியே தேடுவோர்க்கு, பொருளால் ஒத்துச் சொல்லால் வேறுபட்ட அறிவிப்பு தப்பிவிடும். ஹதீஸ் எங்குள்ளது என்பதை அடைவு உரைக்குமேயன்றி, அதன் தரத்தை உரைக்காது. அதற்கு ஸனதையும் அறிவிப்பாளரையும் ஆராயும் ஆலிமின் துணை வேண்டும். அத்துணையைத் தன் அமைப்புக்குள் லெய்டன் திட்டம் கொள்ளவில்லை; கூட்டு முயற்சி அவ்வளவில் பாதியே என்பது நம் மதிப்பீடு.

இன்று கணினி நொடியில் தேடித் தருகிறது. ஆனால் பதிப்பைக் குறியாது எண்ணை மட்டும் தரும் ஆய்வேட்டை அடுத்தவர் சரிபார்ப்பது எங்ஙனம்? பல்கலைக்கழகத் துறைகள் கருத்தரங்கு கூட்டுமுன் மேற்கோள் முறையில் உடன்பாடு காணட்டும். அவ்வுடன்பாட்டை எழுதும் அவையில் அடைவு வல்லாரும் ஸனது வல்லாரும் சமமாக அமரட்டும். கூட்டாய்வுக்கு அதுவே அடித்தளம்.